குட்டிக்கு வீடு, தாய்க்கு ஆபரேஷன்: டெல்டா ஊர்களில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தெருவில் ஒரு பெட்டை நாய் ஐந்து குட்டி போட்டிருக்கும். இரண்டு ஆண் குட்டிகளை யாராவது தூக்கிப் போயிருப்பார்கள். மூன்று பெட்டைக் குட்டிகள் குளத்தங்கரையிலேயே நிற்கும். வாட்ஸப்பில் படம் போட்டால் இதயம் போடுவதற்கு ஆள் உண்டு, எடுத்துப் போக ஆள் வராது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் என்று எந்த ஊரானாலும் இதே கதைதான். நீங்களும் தெருக்காரர்கள் நாலைந்து பேரும் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று நினைத்தால், எதை எந்த வரிசையில் செய்வது, எவ்வளவு செலவாகும், எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் தேதி வாங்காமல் குட்டிகளை மட்டும் தத்துக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். நாய் சராசரியாக ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். உங்கள் கடைசிக் குட்டிக்கு வீடு கிடைப்பதற்குள் அடுத்த ஈற்று வந்துவிடும்.

1. முதலில் எண்ணுங்கள்

விடியற்காலை 5.30 முதல் 6.30 வரை, கடைகள் திறப்பதற்கு முன், அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்து எண்ணுங்கள். ஒரு நோட்டில் தெருவாரியாக எழுதுங்கள்: ஆண், பெட்டை, குட்டி, பால் கொடுக்கும் தாய், ஏற்கெனவே கருத்தடை ஆனவை. ஆனவற்றுக்குக் காது நுனியில் வி வடிவத்தில் சிறு வெட்டு இருக்கும். சண்டையில் கிழிந்த காது ஒழுங்கற்று இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு நாயையும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஊர் முழுக்க எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு தெரு, ஒரு அக்ரகாரம், ஒரு காலனி என்று எல்லை போட்டுக்கொண்டு, அதற்குள் இருக்கும் நாய்களில் 70 சதவீதத்துக்காவது ஒரே பருவத்தில் முடிக்கப் பாருங்கள். ஊரெங்கும் சிதறலாகப் பத்து நாய்க்குச் செய்தால் எந்தத் தெருவிலும் மாற்றம் தெரியாது, பணம் கொடுத்தவர்களும் அடுத்த முறை கைவிரிப்பார்கள். கையில் காசு குறைவென்றால் பெட்டைகளை முதலில் செய்யுங்கள். பத்து ஆண்களுக்குச் செய்து ஒன்றை விட்டாலும், அந்த ஒன்றே தெருவின் எல்லாப் பெட்டைகளையும் சினையாக்கிவிடும்.

2. மாதம் பார்த்துத் தொடங்குங்கள்

மார்கழி மாதத்து நாய் என்று ஊரில் சும்மா சொல்லவில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை தெரு நாய்கள் இணை சேரும் காலம். அதே நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும். தெருவில் தண்ணீர், வாய்க்கால் நிறையச் சேறு, கொல்லையில் ஈரம். தையல் போட்ட வயிற்றோடு நாய் அதில் படுத்தால் சீழ் பிடிக்கும், ஈ மொய்த்துப் புழு வைக்கும்.

ஆகவே பெரிய அளவில் செய்ய ஏற்ற காலம் ஆனி, ஆடி, ஆவணி. மழைக்கும் முன், இணை சேரும் காலத்துக்கும் முன். தவறினால் அறுவடை முடிந்த மாசி, பங்குனி. கத்திரி வெயிலில் வண்டியில் ஏற்றினால் நாய் வழியிலேயே மூச்சிரைத்துச் சுருண்டுவிடும், அந்த நாட்களில் காலை 7 மணிக்குள் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தனித்தனி நாய்க்கான கணக்கு இது:
- நாய்க்கு 6 மாதம் முடிந்திருக்க வேண்டும். பூனையை 4, 5 மாதத்திலேயே செய்யலாம்.
- பருவத்தில் இருக்கும் பெட்டை என்றால், இரத்தப்போக்கு நின்று இரண்டு மாதம் கழித்து. பருவத்தின்போது கருப்பைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும், அறுவையில் இரத்தம் நிற்காது.
- பால் கொடுக்கும் தாய் என்றால், குட்டிகள் பால் மறந்து மடி வற்றிய பிறகு, அதாவது ஈன்று இரண்டு மாதம் கழித்து. அந்த நாளைக் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள்.

3. எங்கே செய்வது, என்ன ஆகும்

நான்கு வழி இருக்கிறது.

*அரசு கால்நடை மருத்துவமனை.* தாலுகா ஊர்களில் உண்டு. டாக்டர் இருப்பார், மாடு ஆடுகளே கூட்டம். நாய் ஆபரேஷன் எல்லா இடத்திலும் செய்வதில்லை. மேசை, மயக்க மருந்து, உதவியாள் மூன்றும் இருக்கும் இடத்தில்தான் நடக்கும். நாயை இழுத்துக்கொண்டு போகாமல், முதலில் நீங்கள் மட்டும் போய்க் கேளுங்கள். கட்டணம் சொற்பம், ஆனால் தையல் நூல், மயக்க மருந்து, ஊசி மருந்து ஆகியவற்றை வெளியில் வாங்கிவரச் சீட்டு எழுதித் தருவது வழக்கம். அந்தச் சீட்டை முந்தின நாளே வாங்கி மருந்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆபரேஷன் காலை நேரத்தில்தான், கோமாரி தடுப்பூசி முகாம் நடக்கும் வாரங்களில் டாக்டர் கிராமங்களுக்குப் போய்விடுவார்.

*ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி.* தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை சாலையில் இருக்கிறது. சோதனை வசதியும் அறுவைப் பிரிவும் ஒரே இடத்தில் இருப்பது பெரிய லாபம். வயதான நாய், கருப்பையில் சீழ் கோத்த நாய், பிறப்புறுப்பில் கட்டி வந்த தெரு நாய் போன்றவற்றை நேரே இங்கே கொண்டுபோவதே நல்லது. மயிலாடுதுறை, நாகை பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு நாள் முழுக்கப் போகும், வண்டி வாடகையே ஆபரேஷன் செலவை எட்டலாம். முதல் நாள் பரிசோதனை, இன்னொரு நாள் அறுவை என்று இரண்டு நடை வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

*தனியார் கிளினிக்.* பெண் நாய்க்கு 4,000 முதல் 8,000 ரூபாய் வரை, ஆணுக்கும் பூனைக்கும் அதைவிடக் குறைவாகக் கேட்பார்கள். எடைக்கும் ஊருக்கும் தக்கபடி மாறும். தெரு நாய் என்று சொன்னால், நாலைந்தாகக் கொண்டுவந்தால், பல டாக்டர்கள் குறைத்துக்கொள்வார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்கும்போது தொகைக்குள் என்னென்ன அடக்கம் என்பதையும் கேளுங்கள்: இரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, வலி ஊசி, அடுத்த நாட்களின் ஆன்டிபயாடிக், தையல் பிரிப்பு. ‘ஆபரேஷன் 3,000தான்’ என்று சொல்லி மற்றதைத் தனித்தனியாகச் சேர்த்தால் மொத்தம் இரட்டிப்பாகும்.

*உள்ளாட்சியின் கருத்தடை மையம்.* தெரு நாய்களுக்கு இதுதான் சட்டப்படியான வழி. 2023இல் வந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு. இதை எடுத்துச் செய்யும் அமைப்பு இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். உங்களிடம் கட்டணம் வாங்கமாட்டார்கள். வளர்ப்பு நாய்க்கு இந்த வழி கிடையாது: அதன் தடுப்பூசியும் கருத்தடையும் வளர்ப்பவர் பொறுப்பு என்று அதே விதிகள் சொல்கின்றன.

4. உள்ளாட்சிக்கு மனு

மாநகராட்சி என்றால் ஆணையர், நகராட்சியும் அப்படியே, பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், கிராமம் என்றால் ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலரும். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். ‘நாய்த் தொல்லையை நீக்க வேண்டும்’ என்று எழுதினால் நாயைக் கொண்டுபோய் வேறெங்காவது விட்டு வருவார்கள். பிறகு அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வரும், அவற்றுக்குக் கருத்தடையும் இருக்காது, ஊசியும் இருக்காது. ‘இணைப்பில் கண்ட தெருக்களில் உள்ள இத்தனை நாய்களுக்கு விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விட வேண்டும்’ என்று எழுதுங்கள்.

இணைக்க வேண்டியவை: நீங்கள் எடுத்த கணக்கு, படங்கள், தெருவாசிகள் கையெழுத்து, தொடர்புக்கு ஒரே ஒரு கைபேசி எண். நகல் ஒன்றை கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநருக்கு அனுப்புங்கள். தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

பதில் வரவில்லை என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கலாம், முதல்வரின் 1100 உதவி எண்ணில் பதியலாம். கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையை விட்டுவிடாதீர்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 1 கூட்டத்தில் தீர்மானம் போட்டால்தான் ஆடிக்குள் வேலை நடக்க வாய்ப்பு. அக்டோபரில் போட்டால் மழையில் போய்விடும். மையத்தின் திறன் என்ன, மாதம் எத்தனை நாய் செய்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள்.

பிடிக்கும் நாளில் உங்களில் ஒருவராவது கூடவே இருங்கள். வலையில் பிடிக்க வேண்டும், கம்பி இடுக்கியால் அல்ல. எந்த நாய், எந்த மின்கம்பத்தருகே பிடிபட்டது என்று எழுதி வைத்துக்கொண்டால்தான் திரும்ப அதே இடத்தில் விடச் சொல்ல முடியும். பெட்டை நாயை மையத்தில் நாலைந்து நாள் வைத்திருந்தார்களா என்றும் கேளுங்கள். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு அரங்கம் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அத்தகைய இடத்தை உங்கள் எல்லைக்குள் சேர்த்திருந்தால், நாய்கள் எங்கே போகும் என்பதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

5. ஆபரேஷனுக்கு முன்: உண்ணிக் காய்ச்சல்

நம் பக்கத்தில் ஆபரேஷன் மேசையில் நாய் இறப்பதற்குக் கத்தி மட்டுமல்ல, உண்ணியும் காரணமாகலாம். எர்லிச்சியா, பபீசியா போன்ற கிருமிகள் உண்ணிக் கடியில் வரும். வெளியே பார்த்தால் நாய் நன்றாகவே ஓடும், ஆனால் இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். கீறியதும் இரத்தம் உறையாது.

இரண்டு வாரம் முன்பே இரத்தம் எடுத்து அணு எண்ணிக்கையும் இரத்தப் பூச்சுப் பரிசோதனையும் (இரத்தத்தைக் கண்ணாடியில் தடவிக் கிருமி தேடுவது) பார்த்துவிடுங்கள். 400 முதல் 800 ரூபாய் ஆகலாம். தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் பெரும்பாலான டாக்டர்கள் தள்ளிவைப்பார்கள். எர்லிச்சியா என்றால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மூன்று நான்கு வாரம் தர வேண்டியிருக்கும். சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் வாந்தி எடுக்கும். ஈறு வெளுத்திருப்பது, மூக்கில் இரத்தம், வயிற்றில் சிவப்புப் புள்ளி ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் பரிசோதனை இல்லாமல் மேசைக்கு விடாதீர்கள்.

உண்ணிக்கு வயலில் அடிக்கும் பூச்சிமருந்தைக் கலந்து குளிப்பாட்டும் பழக்கம் கிராமங்களில் இருக்கிறது. நாய் நக்கும், வலிப்பு வரும். கழுத்தின் பின்னால் சொட்டும் மருந்தை எடைக்கேற்ப வாங்குங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை செத்துவிடும்.

6. முந்தின இரவும் பயணமும்

வளர்ந்த நாய்க்கு முந்தின இரவு 8 மணியோடு சாப்பாடு நிறுத்தம், தண்ணீர் காலை வரை இருக்கலாம். பூனைக்கும் இளசுக்கும் எத்தனை மணி நேரம் என்று டாக்டரைக் கேளுங்கள், நீண்ட பட்டினி அவற்றுக்கு ஆகாது. தெரு நாய் என்றால் முந்தின மாலையே பிடித்துக் கட்டிவைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் விடியற்காலை டீக்கடைக்காரர் பன் போட்டிருப்பார், யாரோ பழைய சோறு வைத்திருப்பார்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போனால் பிழைப்பது கஷ்டம். எதையாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி வேறு தேதி வாங்குங்கள்.

சாக்கில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள், மூச்சு முட்டும். ஆட்டோவிலோ குட்டியானை வண்டியிலோ கூண்டில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு எடுத்துச் செல்லுங்கள். கையில் இருக்க வேண்டியவை: ஆதார் நகல், தடுப்பூசிப் புத்தகம், இரத்தப் பரிசோதனைத் தாள், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடத் துணிந்த ஒரு ஆள். கடைசியாகச் சொன்னதுதான் அடிக்கடி இல்லாமல் போகும். தெரு நாய்க்கு ‘பொறுப்பாளர்’ என்ற இடத்தில் பெயர் எழுத எல்லோரும் பின்வாங்குவார்கள், அதை முன்பே முடிவு செய்யுங்கள்.

7. அடுத்த பத்து நாள்

மாடியோ, கார் நிறுத்துமிடமோ, காயும் சிமெண்ட் தரை வேண்டும். முதல் இரவு மயக்கம் தெளியும்வரை தண்ணீர்ப் பாத்திரத்தைத் தள்ளி வையுங்கள், உள்ளே முகம் விழுந்து மூழ்கும். தையலை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பு 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும். ‘பாவமாக இருக்கிறது’ என்று கழற்றும் அரை மணியில் தையலைப் பிரித்துவிடும். பத்து நாள் குளிப்பாட்டக் கூடாது. தையல் பிரிப்பது 10 முதல் 12ஆம் நாள்.

காயத்தில் மஞ்சள், தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். டாக்டர் தந்த மருந்து மட்டும், ஈ வராமல் இருக்க டாப்பிக்யூர் போன்ற ஸ்பிரேயை அவர் சொன்னால் அடிக்கலாம். வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாரசிட்டமால் ஒன்று போதும் பூனையைக் கொல்ல, டைக்ளோபினாக்கும் புரூபனும் நாயின் குடலைப் புண்ணாக்கும்.

லேசான வீக்கமும் சிவப்பும் இயல்பு. சொட்டுச் சொட்டாக இரத்தம், சீழ் நாற்றம், 24 மணி நேரம் கழித்தும் சாப்பிடாமை, வெளுத்த ஈறு என்றால் அன்றே திரும்பக் கொண்டுபோங்கள். ஆண் நாய் ஆபரேஷனுக்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் சினையாக்கக் கூடும், உடனே பெட்டையோடு விடாதீர்கள்.

8. குட்டிகளைத் தயார் செய்தல்

எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சிமருந்து, எடை பார்த்து. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் கூட்டுத் தடுப்பூசி (பல நோய்களுக்குச் சேர்த்துப் போடுவது), பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் நான்கு மாதம் ஆகும்வரை. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. கூட்டு ஊசி ஒன்று 600 முதல் 1,000 ரூபாய் வரை, வெறிநோய் ஊசி அரசு கால்நடை மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பதுண்டு. எலிக்காய்ச்சலுக்கான பகுதி உள்ள கூட்டு ஊசியையே கேளுங்கள்: வரப்பு எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில்தான் நம்மூர் நாய்கள் நடக்கின்றன, குடிக்கின்றன.

இந்த வேலையில் புதியவர்களை உடைத்துப் போடுவது பார்வோ என்ற வைரஸ் தொற்று. ஒரு தெருக் குட்டிகளையும் இன்னொரு தெருக் குட்டிகளையும் ஒரே அறையில் வைப்பார்கள். ஒரு வாரத்தில் இரத்தபேதி தொடங்கும், பாதிக்கு மேல் போய்விடும். புதிதாக வந்த குட்டியை 14 நாள் தனியாக வையுங்கள், தனிக் கிண்ணம், தனித் துணி, அதைக் கவனிப்பவர் கடைசியாகத்தான் அங்கே போக வேண்டும். பினாயில் பார்வோவைக் கொல்லாது. மலத்தைத் துடைத்துத் தரையைக் கழுவிய பிறகு, 10 லிட்டர் தண்ணீரில் சுமார் 100 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவிக் காயவையுங்கள். குட்டிகள் அப்போது வேறிடத்தில் இருக்கட்டும்.

9. வீட்டைத் தேர்ந்தெடுத்தல்

யார் கேட்டாலும் உடனே கொடுத்துவிடும் அவசரம் வரும். வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் குட்டிகளில் பெரும்பாலானவை வாடகை வீட்டிலிருந்து வரும். வீட்டுக்காரரிடம் நீங்களே போனில் பேசுங்கள். அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் எடுக்கும் கல்லூரி மாணவருக்குக் கொடுக்காதீர்கள். கேட்க வேண்டியவை: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள், எங்கே படுக்கும், முன்பு வளர்த்த நாய் என்னவாயிற்று. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். ‘எங்கேயோ போய்விட்டது’ என்றால் யோசியுங்கள். வயல் கொட்டகைக்கு என்று கேட்பவரிடம் எலி மருந்து வைப்பாரா என்று கேளுங்கள்.

பெட்டை வேண்டாம் என்பவர்களின் பயம் இரண்டே இரண்டு: குட்டி போடும், பூஜை இருக்கிற வீட்டில் இரத்தம் படும். ஆபரேஷன் ஆன பெட்டைக்கு இரண்டுமே இல்லை. இதைச் சொன்னதும் பல பெரியவர்கள் சம்மதிப்பார்கள், குறிப்பாக ஆபரேஷன் முடித்த ஏழெட்டு மாதப் பெட்டையை நேரில் காட்டினால்.

படிவம் வெள்ளைத்தாளில் போதும். குட்டியின் படம், அடையாளம், போட்ட ஊசி, அடுத்த ஊசித் தேதி, எடுப்பவரின் ஆதார் நகல், முகவரி, ‘ஆறு மாதம் முடிந்ததும் கருத்தடை செய்வேன், வளர்க்க முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தருவேன், தெருவில் விடமாட்டேன்’ என்ற வரி, இரு தரப்புக் கையெழுத்து. வளர்த்த பிராணியைப் பசியோடு விட்டுப் போவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் கீழே ஒரு வரி சேருங்கள்.

கூடவே 1,000 முதல் 2,000 ரூபாய் முன்பணம் வாங்கி ரசீது கொடுங்கள். கருத்தடைச் சான்று காட்டியதும் திருப்பிக் கொடுங்கள். ‘இலவசக் குட்டிக்குக் காசா’ என்று சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள், போகட்டும். பணம் கட்டியவர்தான் ஏழாம் மாதம் போனை எடுக்கிறார்.

10. தத்து முகாம்

கல்யாண மண்டபம், பள்ளி மைதானம் எதுவானாலும் எழுத்தில் அனுமதி. காலை 8 முதல் 11 வரை போதும். தனிமைக்காலம் முடிந்து ஊசி போட்ட குட்டிகள் மட்டும். ஒரு ஈற்றுக்கு ஒரு கூண்டு, தரையில் விடாதீர்கள், தொடுபவர் ஒவ்வொருவரும் கை கழுவ சோப்பும் தண்ணீரும் வைத்திருங்கள். அன்றே கையில் கொடுக்காமல் பெயர் எழுதிக்கொண்டு, வீடு பார்த்து இரண்டு நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். பார்வோ மறைந்திருந்தால் அதற்குள் தெரிய வாய்ப்பு உண்டு, ஆசைப்பட்டு வாங்கியவருக்கும் மனம் மாற நேரம் இருக்கும். பிறகு மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் போன். ஆறாம் மாதப் போனில் ‘செய்துவிட்டீர்களா’ என்று கேட்காமல், ஆபரேஷன் தேதியை நீங்களே வாங்கி வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

11. கடி பட்டால்

பிடிப்பவர்கள் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கடியோ பல் கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் தடவாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28ஆம் நாட்கள். இரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். சிறிய நிலையத்தில் அது இருக்காது, நேரே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். கடித்தது உங்கள் பொறுப்பில் இருக்கும் நாய் என்றால் பத்து நாள் கட்டிவைத்துக் கவனியுங்கள், ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.